இருட்டு தேடிய சீரியல்செட்டுக்காரர்

வெளிச்சத்தை வாடகைக்கு விட்டுச் சாப்பிட்டுக்கொண்டு, அந்த வெளிச்சத்தையே வாய் ஓயாமல் திட்டிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் கள்ளக்குறிச்சியில் எங்கள் தெருவில் இருந்தார்.

கல்யாணமோ கூழ் ஊற்றுகிற திருவிழாவோ, பந்தலுக்கு டியூப்லைட் கட்டுவதும் மரத்துக்கு மரம் சீரியல் பல்பு தொங்கவிடுவதும் அவர் தொழில். சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும்; ஊருக்கு அவர் சீரியல்செட்டுக்காரர். எல்லாவற்றையும் கட்டி முடித்து சுவிட்சைப் போடுவார். ஊரே "ஆ!" என்று வாயைப் பிளக்கும். அவர் மட்டும் வானத்தை அண்ணாந்து பார்த்து உச்சுக்கொட்டுவார்.

"போச்சு. மேல இருந்த அத்தனையையும் நானே அணைச்சுட்டேன்."

நான் அப்போது நெல் மண்டியில் வேலை பார்த்தேன். அவர் கடைக்கு மேலேதான் என் அறை. அதனால் அவர் எனக்கு அண்ணன், அவர் மனைவி அக்கா. அமாவாசையன்று யாரும் கல்யாணம் வைப்பதில்லை, கடையில் வேலை இருக்காது. சாயங்காலமானால் மோட்டார் சைக்கிளில் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு, நட்சத்திரம் பார்க்க நல்ல இருட்டாக ஓர் இடம் தேடிக் கிளம்பிவிடுவார்.

பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட அவ்வளவு குறை சொல்ல மாட்டார்கள். கச்சிராயபாளையம் பக்கம் கோமுகி அணைக்கரை காற்றுக்கு நல்லது, ஆனால் வரிசையாக விளக்குக் கம்பம். கரும்புக்காடு பரவாயில்லை, ஆனால் மோட்டார் கொட்டகையில் ஒரு குண்டு பல்பு. ஒரு பல்புக்காகப் பதினைந்து ஏக்கரைத் தள்ளிவிட்டு வருவார்.

களமருதூர் ஏரிக்கரைதான் முதலில் அவருக்குப் பிடித்தது. தார்ப்பாயை விரித்து மல்லாந்திருக்கிறார். கழியோடு நாலு பேர் சுற்றிக்கொண்டார்கள், மோட்டார் ஒயர் திருடன் என்று.

"யோவ், இங்க இன்னா பண்ணிக்கினு கீற?"

"நட்சத்திரம் பாக்கறேங்க."

கழிகள் மெல்ல இறங்கின. ஒருவர் பயபக்தியோடு கேட்டாராம்: "எனக்குக் கேட்டை நட்சத்திரமுங்க. எப்ப நல்ல காலம் பொறக்கும்?"

திருடன் என்று அடி வாங்குவதா, ஜோசியர் என்று கும்பிடு வாங்குவதா? அண்ணன் கும்பிடைத் தேர்ந்தெடுத்தார். "தை பொறக்கட்டும்" என்று பொதுவாகச் சொல்லிவைத்தார். அடுத்த அமாவாசைக்குப் போனால், ஏரிக்கரையில் பெட்ரோமாக்ஸ் விளக்கோடு ஒரு கூட்டம், கையில் ஜாதகங்கள். அந்த இடமும் போயிற்று.

பிறகுதான் அவர் கல்வராயன் மலைக்குப் போக ஆரம்பித்தார். அப்போதுதான் அக்காவுக்கு சந்தேகமும் ஆரம்பித்தது.

"தம்பி, இந்த மனுசன் மலையில இன்னொரு வூடு வெச்சிக்கினு கீறாரு. நீ ஒருக்கா கூடப் போய்ப் பாத்துட்டு வா."

போனேன். வெள்ளிமலை தாண்டி, கரண்டே எட்டிப் பார்க்காத ஒரு சிற்றூர். ஊர்க்கோடியில் அகலமான பாறை. பக்கத்து வீட்டில் காளியம்மா என்கிற பெண். அக்காவின் சந்தேகம் ஒரு நிமிடம் எனக்கும் வந்தது. ஆனால் காளியம்மா, "வாண்ணா" என்று ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்துவிட்டு, எங்களைப் பார்த்துச் சிரித்தாள்.

"கீழ எல்லாம் இருக்குது. இந்த இருட்டப் பாக்கவா இவ்ளோ தூரம் வர்றீங்க?"

அவள் கணவர் இருட்டில் வாசற்படியில் கிடந்த பாம்பைக் கயிறு என்று நினைத்து மிதித்தவர். விடியும்வரை உயிர் தங்கவில்லை. அதைக் கேட்ட பிறகு அண்ணன் அவளிடம் இருட்டைப் பற்றி ஒரு வார்த்தை பெருமை பேசியதில்லை.

பாறையில் படுத்து மேலே பார்த்தேன். அத்தனையும் நட்சத்திரம். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மாவு சலித்துக் கொட்டினது போல் கிடந்தது.

"அவ இத ஒருவாட்டி பாக்கணும்டா" என்றார் அண்ணன். கொஞ்ச நேரத்திலேயே நான் கொசு கடிக்கிறது என்று நச்சரித்து அவரைக் கிளப்பிவிட்டேன்.

நான் வந்து சொன்னதை அக்கா நம்பவில்லை. "மானம் பாக்கவா? அதுக்கு மொட்டமாடி இல்லியா?" நம்பிய பிறகும் வரவில்லை. "அமாவாசைக்கு நான் மலைக்குப் போய்ட்டா வூட்ல படையல் யாரு போடுவா?" இப்படியே வருஷங்கள் ஓடின.

ஒருநாள் காளியம்மா கடை வாசலில் வந்து நின்றாள். ஊருக்குக் கரண்டு வருகிறதாம். "ஊரு ஊருக்குப் போடறீங்களே, எங்க ஊருக்குப் போட மாட்டீங்களாண்ணா?"

அண்ணன் வெகுநேரம் ஒயரைச் சுற்றிக்கொண்டே இருந்தார். பிறகு, "போடறேம்மா" என்றார்.

விழா என்றதும் அக்கா புதுப்புடவை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அண்ணன் தன் வாழ்க்கையிலேயே சிறப்பாகக் கட்டிய பந்தல் அதுதான். பாறையைச் சுற்றிக்கூட சீரியல் பல்பு. ஏழு மணிக்கு சுவிட்சைப் போட்டார். ஊரே விசிலடித்தது. காளியம்மா தன் வாசற்படியில் உட்கார்ந்து, வெளிச்சம் விழுந்த தரையைக் கையால் தடவிப் பார்த்தாள்.

அக்கா அண்ணாந்து பார்த்தார். "எங்க, ஒண்ணுமே காணமே? ஒரு அஞ்சு நிமிசம் நிறுத்துங்களேன், பாத்துக்கறேன்."

சுவிட்ச் அண்ணன் கையருகே இருந்தது. அவர் காளியம்மாவைப் பார்த்தார். பிறகு அக்காவிடம் திரும்பினார்.

"வேணாம்மா. இன்னிக்குத்தான் அவங்களுக்கு வந்திருக்குது. நாம இன்னும் உள்ள போய் வேற எடம் பாத்துக்கலாம்."

அக்கா தலையாட்டினார். பாறையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தெரிந்த ஏழெட்டையும் பார்த்துவிட்டு, "இதுவே நல்லாத்தான் கீது" என்றார்.

சென்னையில் வேலை கிடைத்து நான் போய்விட்டேன். அக்காவுக்கு முதலில் முழங்கால் வலி, பிறகு சர்க்கரை. ஓர் ஐப்பசி மழையில் போய்ச் சேர்ந்துவிட்டார். துக்கத்துக்குப் போக முடியாமல், சில மாதம் கழித்துத்தான் போனேன். கடையை அவர்கள் மகன் பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"இப்பல்லாம் மலைக்குப் போறதில்லியாண்ணே?"

"எடம் கெடச்சுதுடா. சேராப்பட்டுக்கு அந்தாண்ட. நல்ல பாறை, ரெண்டு பேரு தாராளமா படுக்கலாம். நான் கண்டுபுடிச்சுட்டு வந்து சொல்றப்ப, அவளால எழுந்து ஒக்கார முடியல."

"நான் வரேன், இன்னிக்கே போலாம்" என்றேன்.

"நீ வேணாம். கொசு கடிக்குது, கெளம்பலாம்னு பாதியிலயே நச்சரிப்ப."

உண்மைதான். அந்தக் காலத்தில் நான் அப்படித்தான். ஆனால் அன்றைக்கு மட்டும் அவர் வண்டியை எடுத்திருந்தால், விடிகிறவரை அவர் பக்கத்தில் வாயைத் திறக்காமல் படுத்திருப்பேன்.