செம்பாக்கத்தில் பறந்த ஜமக்காளம்

பறக்கும் கம்பளத்தைப் பற்றிக் கதை சொல்பவர்கள் மேகம், நிலா, அரண்மனை மாடம் என்று அளந்துகொண்டே போவார்கள். இறங்குவதைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. அவர்களில் யாரும் ஏறியதில்லை, அதுதான் காரணம். நான் ஏறியிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். செம்பாக்கத்தில் எங்கள் நகர் பொங்கல் விழா நாடகத்தில் நான்தான் பாக்தாத் இளவரசன். வசனமும் நானே. (வேறு யாரும் முன்வரவில்லை என்பதை விட்டுவிடுவோம்.) அப்போதுதான் கோவிலம்பாக்கத்தில் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். காபித் தட்டுக்கு மேலே அவள் ஒருமுறை சிரித்தாள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை, பசியில்லை, தாம்பரத்தில் சரியான ரயிலில் ஏறியதுமில்லை. அவள் அப்பாதான் பிடி கொடுக்கவில்லை. "பையனைப் பத்தி ஒண்ணும் தெரியலையே" என்று இழுத்தார். நாடகத்துக்கு அழைத்தேன். குடும்பத்தோடு வந்து முதல் வரிசையில் அமர்ந்தார்.

கம்பளத்தைத் தூக்கும் பொறுப்பு, பம்மல் லாரி ஷெட்டில் மெக்கானிக்கான நண்பன் ஏழுமலைக்கு. கயிறு தாங்குமா என்று பயந்தேன். "கயிறு எதுக்கு மச்சான்? லாரி இஞ்சினத் தூக்குற செயின் பிளாக்கு கீது. நீ இன்னா, கொசு!"

மேடையோரத்து வேப்பங்கிளையில் செயின் பிளாக். அதில் தொங்கும் பலகை. பலகைமேல் கல்யாண வீட்டு ஜமக்காளம். அதன்மேல் நான்.

"பற, என் கம்பளமே! காற்றினும் கடிதாய்ப் பற!"

கர்ரக்... கர்ரக்... இஞ்சினைத் தூக்கும் சங்கிலிக்கு அவசரம் தெரியாது. இழுத்து இழுத்து ஏழுமலைக்கு வியர்த்தது. நான் வாழைக்குருத்து வளர்வதுபோல் எழும்பினேன். அதே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

"இன்னாபா, கம்பளத்துக்கு மூட்டு வலியா?" என்றது பின்வரிசை.

இரண்டு ஆள் உயரத்தில் சங்கிலி சிக்கிக்கொண்டது. "ஆடாம குந்து மச்சான், ஸ்பானர் எட்தாறேன்" என்று ஏழுமலை மொபெட்டில் பம்மலுக்குப் பறந்தான். (அவனாவது பறந்தான்.) ஏணி வந்தது, என் கால்கள் வர மறுத்தன. தலைக்கு மேலே ஒரு விமானம், விளக்கை மினுக்கியபடி மீனம்பாக்கம் நோக்கித் தாழ்ந்தது. இறங்கத் தெரிந்தவர்கள் பாக்கியசாலிகள்.

அவள் அப்பா மெல்ல எழுந்து என் காலடிக்கு வந்தார்.

"தம்பி, வேலை பெர்மனென்ட்தானே?"

தரகர் அப்படித்தான் சொல்லியிருந்தார். என் வாய்க்கு நேரே நாடக மைக் தொங்கியது. அந்த உயரத்தில் எனக்குப் பொய் ஒன்றும் தோன்றவில்லை.

"இல்லீங்க. டெம்பரரி."

கூட்டத்தில் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"சிகரெட்?"

"எப்பவாச்சும்."

"கோவம் வருமா?"

"கீழ இருக்கும்போது வரும்ங்க."

ஊரே சிரித்தது. எல்லாம் போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன். கீழிருந்து அவள் குரல்: "பயமா இருக்கா?"

"ரொம்ப."

அதே சிரிப்பு. அப்பா மகளைப் பார்த்தார், பிறகு என் அம்மாவிடம், "பையனுக்குப் பொய் வரலம்மா. தேதி பாத்துரலாம்" என்றார். நான் தரையிறங்கும்போது மாப்பிள்ளையாகியிருந்தேன்.

அன்றிலிருந்து என் மாமனார் வீட்டில் எந்த வரன் வந்தாலும் ஜாதகத்துக்கு முன்னால், "பையனை ஏத்திப் பாத்தாச்சா?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். போன மாதம் என் மகள் ஒரு பையனை வீட்டுக்கு அழைத்து வந்தாள். என் மனைவி அவன் எதிரிலேயே என்னிடம் அதே கேள்வியைக் கேட்டாள். கதை தெரியாத அந்தப் பிள்ளை, கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, நாற்காலியை இறுகப் பற்றிக்கொண்டான்.