தலைமன்னாரில் வாய் திறந்த குடும்பம்

தங்கச் சுரங்கத்து ஊரில் பிறந்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. வெளியூர்க்காரர் யாராவது கிடைத்தால் போதும், பூமிக்கடியில் உள்ள தங்கம் முழுவதும் தங்கள் வீட்டுப் பெட்டியில் இருப்பது போலப் பேசுவார்கள். எனக்கு அந்த வியாதி கொஞ்சம் முற்றியிருந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்த கையோடு சிலோனுக்கும் போனேன் என்றால் தலைக்கனத்துக்குக் கேட்க வேண்டுமா?

நாங்கள் கோலார் தங்கவயலில், மாரிகுப்பத்தில் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீட்டில் இருந்த பௌத்தக் குடும்பம். அனுராதபுரத்துப் போதி மரமான வெள்ளரசை ஒருமுறை கும்பிட்டுவிட வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. அப்பா, அம்மா, நான் என்று மூன்று பேர் புறப்பட்டோம். யாத்திரிகர் மடத்தில் படுக்கை, ரொட்டியும் வாழைப்பழமும் சாப்பாடு, போகிற இடத்துக்கெல்லாம் நடை. கடைசி நாள், ராத்திரி முழுக்க உட்கார்ந்தே வந்த ரயிலை விட்டுத் தலைமன்னார் துறையில் இறங்கியபோது அப்பாவின் கால்கள் வீங்கியிருந்தன. சுரங்கத்து பூட்ஸை (அவரிடம் இருந்த ஒரே ஜோடி அதுதான்) கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு நடந்தார். அம்மாவுக்குப் பேசவும் தெம்பில்லை. நான் மட்டும் இங்கிலீஷ் பேசத் தயாராக இருந்தேன்.

அன்றைய கப்பலை விடவே கூடாது. அப்பாவுக்கு மேஸ்திரி வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். லீவு முடிந்ததும் முதல் ஷிப்டுக்குப் போய் நிற்காவிட்டால் அது அடுத்தவருக்குப் போய்விடும். வழியெல்லாம் அப்பா ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டு வந்தார். "கப்பல் நிக்குமா பாப்பா?"

சுங்கச் சோதனைக்கு வரிசையில் நின்றோம். அங்கிருந்து இந்தியாவுக்குத் தங்கம் கடத்துகிறார்கள் என்று கெடுபிடி அதிகமாக இருந்த காலம் அது. (எனக்குத் தெரியாது. பாடப் புத்தகத்தில் வரவில்லை.)

"எங்க இருந்து வாறீங்க?" என்றார் தொப்பி வைத்த அதிகாரி. அவர் தமிழில்தான் கேட்டார். நான் இங்கிலீஷில் பதில் சொன்னேன். நாங்கள் தங்கவயலிலிருந்து வருகிறோம், என் தந்தை தங்கத்தில் வேலை செய்கிறார் என்று.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "தங்கம் ஏதும் வச்சிருக்கிறீங்களோ?"

என் காதில் இருப்பது தங்கத் தோடு என்று அதையும் இங்கிலீஷிலேயே அறிவித்தேன்.

"இங்க வரேக்க இதைப் பதிஞ்சனீங்களோ?"

பதியவில்லை. வந்து இறங்கும்போதே நகையைப் பதிய வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது. அவர் என்னை விட்டுவிட்டு அப்பா பக்கம் திரும்பினார்.

அப்பா பூட்ஸைக் கீழே வைத்தார். இரண்டு கைகளையும் மேலே தூக்கினார். கால்களை அகட்டினார். வாயை ஆவென்று திறந்து நாக்கை மேலே மடித்துக் காட்டினார்.

எங்கள் ஊரில் இது தினசரிக் காட்சி. ஷிப்ட் முடிந்து கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் மேலே வருகிறவர்களை, தங்கப் பொடி எதையாவது ஒளித்துக்கொண்டு வருகிறார்களா என்று வாட்ச்மேன் இப்படித்தான் சோதிப்பார். வருஷக்கணக்காகப் பழகியதில், தொப்பியைக் கண்டால் அப்பாவின் வாய் தானாகத் திறந்துவிடும். தலைமன்னாரில் யாரும் கேட்காமல் வாயைத் திறந்த ஆளை அவர்கள் அதுவரை பார்த்திருக்க மாட்டார்கள். அதிகாரி இன்னொருவரைக் கூப்பிட்டார். அவர் எங்கள் மூட்டையைப் பிரித்து, அம்மாவின் தூக்குச் சட்டியைத் திறந்தார்.

"இது என்ன?"

"மண்ணு சார்," என்றாள் அம்மா.

தங்கவயல்காரர், திறந்த வாய், ஒரு சட்டி மண். எங்களை ஓரமாக நிற்க வைத்தார்கள். கப்பல் சங்கு ஊதியது.

"அங்ஙல் ஓவுதா ஆஆஆ?" என்றார் அப்பா. வாயை மூடச் சொல்லி யாரும் உத்தரவு போடாததால் அப்படியே கேட்டார்.

அதிகாரி பென்சிலால் மண்ணைக் கிளறினார். ஒரு காய்ந்த அரசிலை மேலே வந்தது.

"மரத்தடி மண்ணு சார். வூட்ல புத்தர் படத்தாண்ட வெக்கறதுக்கு," என்றாள் அம்மா.

"சரி. தோட்டுக்கு என்ன சொல்றீங்க?"

அம்மா என்னைப் பார்த்தாள். கப்பலைப் பார்த்தாள். "அது கில்ட்டு சார்."

"தங்கம்," என்றேன் நான். அந்த அதிகாரி முன்னால் நான் தமிழில் பேசிய முதல் சொல் அதுதான். "நீதானேம்மா சொன்ன?"

"சொன்னேன். பெரிய வூட்டுப் பொண்ணுங்க கூட ஒக்காந்து படிக்கப் போறியேன்னு சொன்னேன். தங்கமா இருந்தா அது இந்நேரம் உன் காதுலயா இருக்கும்? சேட்டு கடைல இருக்கும். இன்னா பண்றது சார், வெட்றது எங்க ஆளு, போட்டுக்கறது யாரோ."

தோட்டைக் கழற்றிக் கொடுத்தேன். அவர் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் பச்சை பிடித்திருந்தது. (காது வியர்வை என்று நினைத்துத் தினமும் துடைத்துவந்தேன்.) அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. மிகவும் மரியாதையாக இரண்டு விரலால் அதைத் திருப்பிக் கொடுத்து, அப்பாவிடம், "ஐயா, வாயை மூடுங்கோ. கப்பலுக்கு ஓடுங்கோ," என்றார்.

ஓடினோம். அப்பா பூட்ஸோடு, அம்மா மண்ணோடு, நான் வெறுங்காதோடு. ஏணிப்படியை எடுப்பதற்குள் ஏறிவிட்டோம். ராமேஸ்வரம் வரும்வரை நான் எந்த மொழியிலும் பேசவில்லை.

அப்பாவுக்கு மேஸ்திரி வேலை கிடைத்தது. எனக்குப் பிறகு டீச்சர் வேலை கிடைத்தது. ஆனால் இன்றுவரை எங்கள் வீட்டில் யார் புது நகை போட்டாலும் மற்றவர்கள் கையைத் தூக்கி வாயைத் திறந்து நிற்பார்கள். என் சொந்தச் சம்பளத்தில் தங்கத் தோடு வாங்கிப் போட்டுக்கொண்டு போன அன்று, அப்பா நாற்காலியிலிருந்து மெதுவாக எழுந்தார். கையைத் தூக்கினார். வாயைத் திறந்தார்.

அம்மா அடுப்பிலிருந்து திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இங்கிலீஷ்ல சொல்லாதடி. தமிழ்ல சொல்லு, நம்பறோம்."