ஆறாமாள் காக்காவும் காகிதக் கிண்ணமும்

கல்முனையிலிருந்து கொழும்பு வரைக்கும் எந்த உணவுத் திருவிழாவாக இருந்தாலும், அதை முழுதாக அனுபவிக்கத் தெரிந்த ஒரே மனிதர், ஊருக்கே அண்ணன் முறையான எங்கள் ஆறாமாள் காக்காதான். மற்றவர்கள் தின்றுவிட்டுப் போவார்கள். இவர் தின்பார், திட்டுவார், திட்டிய களைப்புக்கு மறுபடியும் தின்பார்.

கல்முனைக்குடியில் மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறார். பிரேக் கட்டை வாங்க வருகிறவன், பழைய கட்டையை ஏன் இவ்வளவு தேயவிட்டாய் என்று ஏச்சு வாங்காமல் திரும்பமாட்டான். ஆறாமாள் என்ற பெயர் கல்யாண வீடுகளில் கிடைத்தது. எங்கள் முஸ்லிம் வீடுகளில் விருந்துச் சோற்றை சஹன் என்ற பெரிய தட்டில் வைத்து, சுற்றி ஆறு பேர் குந்திச் சாப்பிடுவோம். ஐந்து பேர்தான் என்றால் ஆறாவது ஆள் வரும்வரை இறைச்சி வராது. காக்கா வாசலிலேயே நின்று, எந்தத் தட்டில் ஆள் குறைகிறது, எதில் இறைச்சி அதிகம் என்று நோட்டம் பார்த்துவிட்டுப் போய் ஆறாவது ஆளாகக் குந்துவார். குந்தியதும் சோறு குழைந்துவிட்டதென்று சமையல்காரரைக் கூப்பிட்டு ஏசுவார்.

காக்காவைப்போல எனக்கும் கோபம் வருகிற விஷயம் ஒன்று உண்டு. இப்போதெல்லாம் உணவுத் திருவிழா என்றால் என்ன? நெஞ்சு அதிரப் பாட்டு, கண்ணைக் குத்தும் வெளிச்சம், உள்ளங்கைக்குள் ஒளிந்துகொள்ளும் காகிதக் கிண்ணத்தில் இரண்டு கவளம் சோறு. அதையும் நின்றுகொண்டே தின்ன வேண்டும். ஒரு கையில் கிண்ணம், மறுகையில் போன். எந்தக் கையால் தின்பது என்று கேட்டால் நாம் பட்டிக்காட்டான். இதில் உள்ளே போகவே டிக்கட் வேறு.

ஒருமுறை கடைச் சாமான் எடுக்கக் கொழும்பு போனபோது என்னையும் கூட்டிப்போனார். வேலை முடிந்த பின்னேரம், பெரிய ஹோட்டல் ஒன்றில் உணவுத் திருவிழா என்று கேள்விப்பட்டுப் போனோம். காக்கா வழி கேட்கிற ஜாதியில்லை. நேராக வேறொரு மண்டபத்துக்குள் நுழைந்துவிட்டார். அங்கே கோட்டுப் போட்ட ஒருவர் கிளாசைச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு மோந்து, ஒரு மிடறு வாயில் கொப்பளித்து, பக்கத்திலிருந்த பாத்திரத்தில் துப்பினார். அடுத்தவரும் துப்பினார். காக்காவுக்குப் பொறுக்கவில்லை. கெட்டுப்போன சாமானை ஏன் விருந்தாளிகளுக்குக் கொடுக்கிறீர்கள் என்று பரிமாறுகிறவரைப் பிடித்து உலுக்கினார். அவர் காதோடு காதாக, இது வைன், இவர்கள் ருசி மட்டும் பார்க்கிறார்கள் என்றார். காக்கா அஸ்தஃபிருல்லாஹ் சொல்லி இரண்டடி பின்னால் வந்தார். கொஞ்சம் யோசித்தார். பிறகு கோட்டுக்காரரிடம் போய் மிகுந்த மரியாதையோடு சொன்னார்:

"நல்லாத் துப்புங்க சேர். ஒரு சொட்டும் உள்ள போகப்படா."

சரியான மண்டபத்துக்குப் போனபோது அங்கேயும் எல்லாம் கிண்ணம்தான். உயரத் தொப்பி போட்ட சமையல்காரரிடம் ஆறு பேருக்கு ஒரே தட்டில் போடச் சொல்லிச் சண்டை பிடித்தார். அவருக்குத் தமிழ் விளங்கவில்லை, கோபம் விளங்கியது. எங்களை வாசல்வரை கொண்டுவந்து விட்டார்கள்.

இப்படிப்பட்ட மனிதர் எங்கள் ஊர்க் கடற்கரையில் நடக்கும் உணவுத் திருவிழாவுக்கு வருகிறார் என்று கேட்டதும் அவரைத் தடுக்க வழி தேடினேன். காரணம் என் ராத்தா, கூடப்பிறந்த அக்கா. மச்சான் மௌத்தாகிக் கண்ணை மூடிய பிறகு வீட்டில் சமைத்துக் கொடுத்துத்தான் இரண்டு பெண்பிள்ளைகளை வளர்க்கிறாள். ஓடர்கள் குறைந்துகொண்டே வந்தன. சவூதிக்கு வீட்டு வேலைக்கு அனுப்பும் ஏஜன்ட் இரண்டு தடவை வந்துபோய்விட்டான். திருவிழாவில் கடை போடுவதற்கு முதல் நாள் அவள் என்னிடம் ஒரே பேச்சாகச் சொன்னாள்: "நாலு பேருக்கு என்ட கைருசி தெரிஞ்சா இஞ்சயே இரிப்பன். இல்லாட்டிப் போறன் தம்பி. புள்ளயள நீ பாத்துக்க."

அவளுக்குக் கொடுத்த இடத்தை நினைத்தால் இப்போதும் என் ரத்தம் கொதிக்கிறது. ஜெனரேட்டருக்குப் பின்னால். வாசல் பக்கமெல்லாம் கொழும்பிலிருந்து வந்த பர்கர்காரர்களுக்கு. ஊரார் காசில், ஊர்க் கடற்கரையில், ஊர்ப் பெண்ணுக்குப் புகை. ஏற்பாட்டுக் குழுத் தலைவரிடம் போய்க் கேட்டேன். பொழுதுபட்ட பிறகும் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்த அந்த இளைஞர், இதெல்லாம் ஒரு பிளான் அங்கிள் என்று என் தோளைத் தட்டினார். தோளைத் தட்டினால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

இரவு இஷாத் தொழுகை முடிந்தும் ராத்தாவின் நெய்ச்சோற்றுச் சட்டியில் பாதிகூடக் குறையவில்லை. மாட்டிறைச்சி ஆணமும் குழம்பு குறையாமல் அப்படியே கிடந்தது. அவள் சுத்தமான மூடியையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் காக்கா வந்தார். கிண்ணத்தை வாங்கினார், வாயில் போட்டார், ஜெனரேட்டரையும் மீறிக் கேட்கும்படி சொன்னார்:

"உப்புக் காணாது."

வந்து நின்ற ஒரே ஒரு குடும்பமும் அடுத்த கடைக்கு நடந்தது. ராத்தாவின் முகம் செத்துப்போனது. அந்த இடத்திலேயே காக்காவை மணலில் புதைத்துவிடலாம் போலிருந்தது. வாயைத் திறக்கப் போனேன். அவர் கிண்ணத்தைக் கசக்கி எறிந்துவிட்டு ராத்தாவைப் பார்த்து, "பூனைக்கு வெக்கிற மாதிரி இதென்ன புள்ள? இதில திண்டா உப்பும் தெரியா, ஒண்டும் தெரியா. சஹன் இரிக்கா?" என்றார்.

சட்டியை மூடியிருந்ததே ஒரு சஹன்தான். ராத்தாவின் சட்டிகளை ஏற்றிவந்த என் வான் வண்டியிலிருந்து காக்கா பாயை இழுத்து மணலில் விரித்தார். என்னைக் குந்தச் சொன்னார். பிறகு கூட்டத்துக்குள் போய் ஆள் பிடித்தார். குடும்பத்தோடு வந்திருந்த வங்கி முகாமையாளரைக் கையைப் பிடித்து இழுத்துவந்தார். மருதமுனையில் சாரன், லுங்கி வியாபாரம் செய்கிற ஒருவர், லீவில் நின்ற பொலிஸ்காரர் ஒருவர். ஆறாவதாக, காலையிலிருந்து ஒன்றும் தின்னாமல் பர்கர் விற்றுக்கொண்டிருந்த கொழும்புக் கடைக்காரரையே ஏசி ஏசிக் கூட்டிவந்தார். பாவம், அந்த மனிதர்தான் அதிகம் தின்றார்.

சோற்றில் கை வைத்ததும் கறுப்புக் கண்ணாடி வந்துவிட்டது. நிலத்தில் குந்திச் சாப்பிட அனுமதியில்லை, உடனே எழும்ப வேண்டும் என்றது. எங்களில் ஒரு வழக்கம் உண்டு. சஹனில் கடைசி ஆள் தின்று முடிக்காமல் மற்றவர் எழும்பக் கூடாது. காக்கா தலையைக்கூடத் தூக்கவில்லை.

"நான் முடிச்சாத்தான் இவங்க எழும்புவாங்க தம்பி. நான் இன்னம் முடிக்கல்ல."

சொல்லிவிட்டு ஒவ்வொரு சோறாகப் பொறுக்கித் தின்னத் தொடங்கினார். கோபத்தில் வேகமாகத் தின்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கோபத்தில் இவ்வளவு மெதுவாகத் தின்றவரை அன்றுதான் கண்டேன். முகாமையாளரின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. தலைவர் கத்த, காக்கா மெல்ல, சண்டை பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது. சண்டை பார்க்க வந்தவர்களுக்கு ஆணத்தின் வாசம் அடித்தது. அவர்களும் ஆறு ஆறாகச் சேர்ந்தார்கள். ஒரு பக்கம் பெண்களும் பாய் விரித்தார்கள். பக்கத்து வீடுகளிலிருந்து சஹன் இரவல் வந்தது. ராத்தாவின் சட்டி அடி தெரிந்தபோதுதான் காக்கா கை கழுவினார். தன் மகளின் கல்யாணச் சாப்பாட்டை முகாமையாளர் அங்கேயே ராத்தாவிடம் பேசி முடித்தார்.

ஏஜன்டுக்கு மறுநாள் காலையிலேயே ராத்தா போன் எடுத்து, வரவில்லை என்று சொல்லிவிட்டாள்.

காக்காவை இனித் திருவிழாவுக்குள் விடுவதில்லை என்று குழு தீர்மானம் போட்டது. பர்கருக்குச் சிவப்புக் கம்பளம் விரித்த கூட்டத்துக்கு என்ன துணிச்சல்! நான்தான் கோபத்தில் குதித்தேன். காக்கா அந்தத் தீர்மானத்தை ஒரு பதவி கிடைத்ததுபோல ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

போன மாதம் அவருக்குப் பிரஷர் கூடியது. கோபமே படக் கூடாதென்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நாலைந்து நாள் கழித்து ராத்தா எனக்குப் போன் எடுத்தாள். "தம்பி, காக்காக்குச் சோறு குடுத்தனுப்பினன். நல்லாரிக்கெண்டு சொன்னாராம். எனக்குப் பயமாக் கிடக்கு. ஒருக்காப் போய்ப் பாரு."

ஓடினேன். மனிதர் நாற்காலியில் சாய்ந்து, எனக்கு மெதுவாக ஸலாம் சொன்னார். அந்த மெதுவைக் கேட்க என்னால் முடியவில்லை. கொழும்பில் புதிதாக ஒரு உணவுத் திருவிழாவாம் காக்கா, ஆளுக்கு ஒரே ஒரு கரண்டியில்தான் சோறு வைக்கிறார்களாம் என்றேன். காக்காவின் காது இரண்டும் சிவந்தன. நாற்காலியின் கையைப் பிடித்து நிமிர்ந்தார். "கரண்டியிலயா?" என்று அவர் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. உள்ளேயிருந்து அவருடைய மனைவி என்னை ஏசத் தொடங்கினார், அவரும் சேர்ந்துகொண்டார். இருவரிடமும் வயிறு நிறைய ஏச்சு வாங்கிக்கொண்டு, அல்ஹம்துலில்லாஹ் என்று அழுகையை அடக்கியபடி வீட்டுக்கு நடந்தேன்.