மாப்பிள்ளையின் அணி இறங்கியதற்கு ஆறுதல்

ராவுட்சூ, பெய்ப்ஸி ஏரிக்கரை
நவம்பர், செவ்வாய்க்கிழமை

மதிப்பும் அன்பும் உள்ள மாப்பிள்ளை தொய்வோ அவர்களுக்கு,

வெங்காய வியாபாரி எல்மார் வணக்கம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே நான், வெங்காயம், புகைபோட்ட மீன் மூவரும் சுகம். முழங்கால் மட்டும் மழையைக் கண்டால் முனகுகிறது. அங்கே தலைநகர் தாலினில் நீங்களும் என் தங்கை ஹெல்வேயும், போன ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு எவ்வளவு சுகமாக இருக்க முடியுமோ அவ்வளவு சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நான் சந்தையில் வளர்ந்தவன், சுற்றி வளைக்கத் தெரியாது. நீங்கள் நிர்வாகக் குழுவில் இருக்கும் கடற்காகம் கால்பந்து கிளப் முதல் லீக்கிலிருந்து எங்கள் இரண்டாம் லீக்குக்கு இறங்கிவிட்டது. ஆழ்ந்த அனுதாபங்கள். அதனால்தான் நான் நடத்தும் எங்கள் ராவுட்சூ அணி பிழைத்தது. ஒரே கிளப்பின் இரண்டு அணிகள் ஒரே லீக்கில் ஆடக்கூடாது என்பது விதி. உங்கள் பெரியவர்கள் இங்கே வந்தால், ஏற்கெனவே எங்களோடு ஆடிக்கொண்டிருந்த உங்கள் இளைய அணி மூன்றாம் லீக்குக்கு மூட்டை கட்ட வேண்டும். கீழே விழ இருந்த நாங்கள் அந்தக் காலியிடத்தில் உட்கார்ந்துகொண்டோம். விழுந்திருந்தால் எங்கள் மைதானத்தைக் கோடைக்கு வரும் கேரவன் வண்டிக்காரர்களுக்கு வாடகைக்கு விடுவதாக ஊராட்சி தீர்மானமே போட்டு வைத்திருந்தது. நடுவட்டத்தில் ஒருவன் கட்டில் போட்டுத் தூங்குவதை நினைத்து வருஷம் பூரா எனக்குத் தூக்கம் போயிற்று.

இந்த வருஷம் எப்படிப் போனது என்று உங்களுக்குத் தெரியாது, நீங்கள் மேலே இருந்தவர். மார்ச்சில் முதல் ஆட்டத்தன்று மைதானத்தில் பனி. எதிரணி நல்ல பிள்ளைகள், அவர்களும் மண்வாரி எடுத்துக் கூடவே தள்ளினார்கள், எங்கள் ஆட்கள் விருந்தாளியைவிடக் குறைவாகத் தள்ளினால் அவமானம் என்று போட்டிபோட்டுத் தள்ளி, விசில் ஊதும்போது முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், ஆறு கோல் வாங்கினோம். அப்புறம் உங்கள் இளைய அணி. உங்கள் பேருந்துக் கதவு திறக்கிற வரைக்கும் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று ஆண்டவனுக்கே தெரியாது மாப்பிள்ளை. மே மாதம் பல்லுக்குக் கம்பி போட்ட பொடியன்கள் இறங்கினார்கள், ஜெயித்தோம், ஊரே இரண்டு நாள் நிமிர்ந்து நடந்தது. ஆகஸ்டில் உங்கள் பெரிய அணிக்கு வேலை இல்லாத வாரம், அந்த ஆட்களே இளைய அணிச் சட்டையில் வந்தார்கள். இறங்கினவன் ஒவ்வொருத்தனும் கதவு உயரம். எங்கள் பயிற்சியாளர் வெய்கோ பொதுவாகப் பேசுகிற ஆள் இல்லை. அன்றைக்கு என் பக்கம் திரும்பி, "இவங்களுக்குக் கல்யாண வயசுல பசங்க இருப்பாங்க போல," என்றார். அந்த மாதத்தில் அவர் பேசியது அவ்வளவுதான்.

நடுவில் ஜூலை. எங்கள் தடுப்பாட்டக்காரர்கள் நாலு பேரும் ஊர்ப் பாட்டுக்குழுவில் அடிக்குரல் பாடுகிறவர்கள். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை வருகிற பாட்டுத் திருவிழாவும் எங்கள் ஆட்டமும் ஒரே நாளில் வந்தது. நான் போய்க் கெஞ்சினேன். மூத்தவன் என்னை ஏற இறங்கப் பார்த்து, "அண்ணே, கோல் எப்பவும் விழும். பாட்டு அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவைதான்," என்றான். எனக்கும் அந்தப் பாட்டெல்லாம் மனப்பாடம், போய்ப் பாடுங்கள் என்று அனுப்பிவிட்டேன். மாற்று ஆட்களையும் சேர்த்து ஒன்பது பேரோடு ஆடினோம். எதிரணியிலும் பாடகர்கள் போயிருந்தார்கள், ஆனால் அவர்கள் ஊரில் முன்வரிசைதான் பாடும் போலிருக்கிறது, தடுப்பாட்டக்காரர்களும் கோல்காப்பாளரும் அப்படியே இருந்தார்கள், தோற்றோம்.

எங்கள் கோல்காப்பாளர் ரெய்னுக்குத் தீயணைப்பு நிலையத்தில் வேலை. செப்டம்பரில் ஆட்டம் பாதியில் இருக்கும்போது அவர் இடுப்பில் இருந்த அவசர அழைப்புக் கருவி கூவியது, கையுறையோடு ஓடிவிட்டார். அவர் இடத்தில் நின்ற தச்சன் பந்து வரும்போதெல்லாம் மரியாதையாக விலகி நின்றான், மூன்று கோல். ரெய்ன் திரும்பி வந்து நேரே என்னிடம் வந்தார்.

"முதலாளி, தீ எங்கேன்னு கேட்க மாட்டீங்களா?"

"எங்கேப்பா?"

"உங்க மீன் புகைபோடுற கொட்டகைல. ரோட்டுல போன சுற்றுலாக்காரி புகையைப் பார்த்துட்டு போன் அடிச்சிருக்கா. நான் போனப்ப மீன் பதமா வெந்திருந்துச்சு. ரெண்டு தின்னேன்."

ஆக, கடைசி ஆட்டமும் முடிந்து, இறங்கவேண்டிய இரண்டில் ஒன்றாக நின்றோம். மிச்சமிருந்தது உங்கள் கடற்காகத்தின் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் மட்டும். நீங்கள் தோற்றால் எங்களுக்கு வாழ்வு, சமன் செய்தாலே நீங்கள் தப்பிவிடுவீர்கள். ஊர் முழுக்க சால்மேயின் பலகாரக் கடையில் டிவி முன்னால் உட்கார்ந்தோம். யாரும் உங்களுக்கு எதிராகக் கத்தவில்லை என்று சத்தியம் செய்கிறேன். நம் ஆட்கள் எப்போது கத்தியிருக்கிறார்கள். நீங்கள் ஒரு கோல் பின்தங்கியபோது காபி உறிஞ்சுகிற சத்தம் கொஞ்சம் கூடியது, அவ்வளவுதான். கடைசி நிமிடத்தில் உங்களுக்குப் பெனால்டி கிடைத்ததும் சால்மே அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"எல்மார், உன் மச்சான் ஆளு போடுவானா?"

"போடுவான். பெரிய சம்பளக்காரன்."

"சம்பளம் வாங்குறவன் காலைப் பாரு. பனியில வர்ற பசு மாதிரி வைக்கிறான்."

பந்து கம்பத்துக்கு மேலே போய் எங்கோ கார் நிறுத்துமிடத்தில் விழுந்தது. கடையில் மூன்று பேர் எழுந்து நின்றார்கள். ராவுட்சூவில் இதைக் கலவரம் என்று சொல்வோம். ரெய்ன் மட்டும், "நல்லது," என்றார். அந்த நேரம் பார்த்து ஹெல்வே போன் செய்தாள்.

"அண்ணே, அங்க எல்லாரும் சிரிக்கிறீங்களா?"

"இல்லம்மா. மீன் வெட்டிட்டிருக்கோம்."

"மீன் வெட்டுறப்ப யாரு அக்கார்டியன் வாசிக்கிறா?"

மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் மாப்பிள்ளை. உயரம் என்பது ஒரு மாயை. இங்கே நீங்கள் நின்று ஆட்டம் பார்க்க என் சரக்கு வண்டியின் பக்கத்தில் காற்றடிக்காத இடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன். அந்தப் பெனால்டிக்காரனும் வரட்டும், பாவம், எங்கள் கம்பத்துக்குப் பின்னால் ஏரிதான், பந்து தேட அலைய வேண்டாம், படகு தருகிறோம். கீழே இருப்பவனுக்குத்தான் நிம்மதி என்பதை எங்களிடம் கற்றுக்கொள்ளலாம்.

உங்கள் வீட்டு சவுனா நீராவிக்குளியல் அடுப்பு அணையாமல் எரியட்டும், வருஷம் பூரா சனி ஞாயிறு கிளப்பிலேயே கிடந்த உங்களோடு ஹெல்வே சீக்கிரம் பேசத் தொடங்கட்டும், பிள்ளைகளுக்கு மாமனின் முத்தங்கள்.

என்றும் உங்கள் நலம் நாடும் மைத்துனன்,
எல்மார்

பி.கு.: ஒட்டின உறையைப் பிரித்து எழுதுகிறேன். வெய்கோ இப்போதுதான் மூச்சிரைக்க வந்து முழுசாக இரண்டு வாக்கியம் பேசினார். முதல் லீக்கில் ஒரு கிளப் அடுத்த வருஷம் மேலே ஆட ஆளில்லை என்று விலகி எங்கள் லீக்குக்கு இறங்கிக்கொள்கிறதாம், அந்த இடத்தில் உங்களையே இருக்கச் சொல்லப் போகிறார்களாம். அப்படியானால் உங்கள் பொடியன்கள் எங்கள் லீக்கிலேயே இருப்பார்கள், மூன்றாம் லீக்குக்கு மூட்டை கட்டுவது நாங்கள்தான். ஆகவே மேலே எழுதின அனுதாபத்தை முழுவதும் அடித்துவிட்டு வாசியுங்கள். மாப்பிள்ளை, வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு ஒரு வாரம் அவகாசம் உண்டு. முறையாகத் தோற்றவர்கள் கொல்லைப்புறமாக மேலே ஏறுவது உங்களைப் போன்ற மானஸ்தருக்கு அழகில்லை, இறங்கி வந்துவிடுங்கள். முடிவை நீங்கள் தனியாகத்தான் எடுக்க வேண்டும், நான் வற்புறுத்த மாட்டேன். ஹெல்வேயிடம் மட்டும் போனில் ஒரு வார்த்தை சொல்லி வைத்தேன்: முதல் லீக்கிலேயே இருந்தால் அடுத்த வருஷமும் சனி ஞாயிறு நீங்கள் வீட்டில் இருக்க மாட்டீர்கள் என்று.