கண்ணாடியக்காவின் ஞாயிற்றுக்கிழமை வெயில்

தண்ணீர் டம்ளரைப் பார்த்து, "சித்த நேரம் ஆடாம இரேன்" என்று அதட்டுகிற ஆள் தேனி மாவட்டத்திலேயே எங்கள் கண்ணாடியக்கா ஒருவர்தான். வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள். இரண்டு பேரும் சந்தித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது ஊருக்கு நல்லது.

தேனியில் வேலை பார்க்கும் பெண்களுக்கான விடுதியில் நானும் அக்காவும் ஒரே அறை. அக்காவுக்குச் சொந்த ஊர் தேவாரம். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை என்பதால் அந்தப் பெயர். ஞாயிற்றுக்கிழமையானால் ஒரு கண்ணாடி டம்ளரோடு மொட்டைமாடிக்கு ஏறிவிடுவார். மலை, மயில், ரோஜாப்பூ எதையும் வரைய மாட்டார். டம்ளர், அதன் பளபளப்பு, அதன் நிழல். அவ்வளவுதான். போனில் யாரோ வரைகிற வீடியோவைப் பார்த்துத் தொற்றிக்கொண்ட கிறுக்கு.

சிக்கல் என்னவென்றால், அவர் வரைந்தது எதுவும் கண்ணாடி மாதிரி இருக்காது. சமையல்கார அம்மா ஒரு படத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "குழாப்புட்டு நல்லா வந்துருக்கு தாயி" என்றார். அக்கா அன்று சாப்பிடவில்லை.

காலையில் யாராவது தண்ணீர் குடிக்கக் கை நீட்டினால், "ஏ புள்ள, தொடாத! இப்பத்தான் வெளிச்சம் வந்து உக்காந்துருக்கு" என்பார். விக்கல் எடுத்தாலும் வெளிச்சம் எழுந்து போகும்வரை காத்திருக்க வேண்டும். ஒருமுறை கம்பம் போகிற வழியில் பஸ் டீக்கு நின்றது. அக்கா டீயைக் குடிக்காமல் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் போய்விட்டது. என் கூச்சலுக்கு அவர் சொன்ன பதில்: "பஸ்ஸு இன்னொன்னு வரும். இந்த நெழலு வருமா?"

கடையில் நடந்தது இன்னும் மோசம். கண்ணாடி மாட்டிப் பார்க்க வந்த ஒருவரை அக்கா கண்கொட்டாமல் பார்க்க, அந்த மனுஷர் மறுநாளே அம்மாவைக் கூட்டிக்கொண்டு பெண் கேட்க வந்துவிட்டார். அக்கா பதறிப்போய், "ஒங்களப் பாக்கலண்ணே. கண்ணாடியில விழுந்த ஜன்னலத்தான் பாத்தேன்" என்றார். 'அண்ணே'யிலேயே அவர் பாதி உடைந்துபோனார்.

கடைசியில் வார்டனம்மாவிடம் மாட்டினோம். சாப்பாட்டு மேஜையில் அக்கா வைத்திருந்த பிரஷ் கழுவிய தண்ணீரை, அந்தம்மா ஏதோ சர்பத் என்று நினைத்து ஒரு மடக்குக் குடித்துவிட்டார். நாக்கு நீலமாகிவிட்டது. அந்த நீல நாக்காலேயே தீர்ப்பும் சொன்னார்: "இந்த ஞாயித்துக்கெழமதான் கடைசி. அப்புறம் இங்கன ஒண்ணு பிரஷ்ஷு இருக்கணும், இல்ல நீ இருக்கணும்."

எங்களுக்குச் சிரிப்பு. அக்காவுக்கு இல்லை. "எங்கண்ணன் வீட்டுல ஒருக்கா வரைஞ்சேன். பெயிண்டத் தூக்கி வெளிய வச்சுட்டாக. எனக்கு வேற எடம் ஏது?" என்றார்.

அந்தக் கடைசி ஞாயிறு அக்கா வெள்ளையையும் நீலத்தையும் பூசிப் பூசி அழித்துக்கொண்டிருந்தார். டம்ளருக்குப் பின்பக்கமாக நான் என் சிவப்புத் துப்பட்டாவைக் கொடியில் காயப் போட்டேன்.

"ஏ புள்ள, எடுக்காத! அங்கனயே கெடக்கட்டும்!"

டம்ளருக்குள் சிவப்பு வளைந்து நெளிந்து நின்றது.

"கண்ணாடிக்குன்னு தனியா நெறமே இல்லடி! பின்னாடி இருக்கறதுதான் அதுக்குள்ள தெரியுது. நான் பாட்டுக்கு இல்லாத ஒண்ணுக்கு வெள்ளையடிச்சுக்கிட்டு இருந்துருக்கேன்!"

அதன்பிறகு அவர் நிமிரவில்லை. சிவப்பு வந்தது, விளிம்பில் மெல்லிய கறுப்பு வந்தது. நிழலுக்கு நடுவே தண்ணீர் வழியாக ஊடுருவிய வெளிச்சம் ஒரு திட்டாக வந்தது. எல்லாம் முடிந்தபின், மூச்சை அடக்கிக்கொண்டு, ஓரத்தில் வெள்ளையில் ஒரே ஒரு பொட்டு. டம்ளர் பளிச்சென்று விழித்துக்கொண்டது.

மறுநாள் காலை சாரல். வானம் இருண்டு கிடந்தது. படத்தைச் சாப்பாட்டு அறை ஜன்னலோரம் காய வைத்திருந்தோம். வார்டனம்மா உள்ளே வந்ததும் வழக்கம்போல, "யாரு ஜன்னலத் தொறந்து போட்டது? பாரு, மூஞ்சில வெயிலு..." என்று ஆரம்பித்தவர் நின்றார். வெளியே பார்த்தார். மழை. மறுபடி படத்தைப் பார்த்தார்.

"இங்கன வெயிலு எங்கேருந்து வருது?"

அக்கா பயத்தில் மெதுவாகச் சொன்னார்: "அது நேத்தைய வெயிலும்மா."

வார்டனம்மா சுவரிலிருந்த நாள்காட்டியைக் கழற்றிவிட்டு, அந்த ஆணியில் படத்தை அவரே மாட்டினார். போகும்போது ஒரு உத்தரவு மட்டும் வந்தது: "பிரஷ் தண்ணிய இனிமே கொட்டாங்குச்சியில வச்சுக்க."

இப்போது நான் வேறு ஊரில். போன வாரம் அக்கா போன் செய்தார். பெரியகுளத்தில் நாலு பேரோடு சேர்ந்து படங்களைப் பார்வைக்கு வைக்கப்போகிறாராம். அடுத்து மூக்குக்கண்ணாடி போட்ட முகம் ஒன்று வேண்டுமாம்.

"ஒனக்கும் பவர் வந்துருச்சாமுல்ல? ரொம்ப சந்தோசம்! சனிக்கெழம வந்துரு. மூஞ்சியப் பத்திக் கவலப்படாத. கண்ணாடியத்தான் தெளிவா வரைவேன், நீ மங்கலாத்தான் தெரிவ."

லீவு சொல்லிவிட்டேன். அக்காவின் படத்தில் மங்கலாகத் தெரிவதற்கும் ஒரு கொடுப்பினை வேண்டும்.