மூன்றாம் கொட்டேஷன் படலம்

வாழிய, வாழிய, வாழிய! மூன்று முறை வாழ்த்துவதற்குக் காரணம் உண்டு. நம் காவியத் தலைவர் எதையும் மூன்றாகத்தான் ஏற்பார். மருந்துக் கம்பெனியொன்றின் கொள்முதல் பிரிவிலே, துடைப்பமாயினும் மின்தூக்கியாயினும், மூன்று கடைகளின் விலைப்புள்ளி கைக்கு வராமல் ஒரு குண்டூசியும் வாங்கியறியாத குணக்குன்று. மலிவு விலை மார்த்தாண்டர். விற்பனையாளர் படைகளை வாசற்படியிலேயே வாட்டி வதக்கிய வீராதிவீரர். அலுவலகத்தார் அன்போடும் அன்பில்லாமலும் ‘கொட்டேஷன்’ என்றழைக்கும் அண்ணலார். சொல்லுக்கு அதிபதியே, வந்தருள்க! இவர் ஒரு பிற்பகலில் இரும்புக் கடையிலே நின்ற நிலையைப் பாட எனக்கு நாவன்மை தருக. தராவிட்டாலும் பாதகமில்லை, கதை சின்னதுதான்.

போருக்கு வித்திட்டவன் மைத்துனன். டயர்க் கடைக்காரன், சொந்தமாக ஒரு வேனும் வாய்த்துடுக்கும் உடையவன். அக்காளையும் அத்தானையும் தன் குடும்பத்தோடு இரண்டு நாள் காட்டிலே கூடாரம் போட்டுத் தங்க அழைத்தவன், அழைத்த வாயாலேயே அறைகூவலும் விட்டான்.

“அத்தான், உங்களைக் காட்டுல விட்டா மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள அழுதுடுவீங்க!”

பூங்காவிலே புல்லில் உட்காரவும் கைக்குட்டை விரிக்கும் நம் பெருமான் பொங்கி எழுந்தார். கூரை அதிர, கூடத்துக் கடிகாரம் ஒரு கணம் திகைக்க, வஞ்சினம் உரைத்தார்: “யாரு, நானா? கையில ஒரே ஒரு கருவி இருக்கட்டும். காடே வந்து என் கால்ல விழும், பார்த்துக்கோ!”

எந்தக் கருவி என்று அவர் சொல்லவில்லை. அங்கேதான் பிடித்தது சனி.

இனி, இப்போரிலே பணயம் வைக்கப்பட்டவளைப் பாடுவோம். பல் மருத்துவமனையின் முன்மேசையிலே, ஊரார் பல்வலிக்கெல்லாம் நேரம் குறித்துக் கொடுத்தே தன் நேரத்தைத் தொலைத்தவள் இல்லத்தரசி. டாக்டரிடம் மாதக்கணக்காய் மன்றாடிப் பெற்ற விடுப்பு இரண்டே நாள். கல்யாணமான நாள்முதல் கணவரோடு வெளியூர் போய் ஓர் இரவு தங்கியவளில்லை. ஒவ்வொரு விடுமுறையும், எந்த ஓட்டல் நல்லது என்று தலைவர் ஒப்பிட்டு முடிப்பதற்குள் தானே முடிந்துபோகும். ஆகவே அன்று கடைக்குக் கிளம்பியவரிடம் அவள் சொன்னாள்: “நாலு மணிக்கு வேன் கெளம்பிடும். எதையாவது ஒண்ணை வாங்கிட்டு வந்துடுங்க. இந்தத் தடவையாவது...”

புகுந்தார் கடைக்குள். கண்ணாடி மேசைமீது இரு பெரும் படைகள் எதிரெதிர் அணிவகுத்தன. வலப்புறத்தே, அலகும் பிடியும் ஒரே எஃகாய் இழைந்து, கீலில்லை மடக்கில்லை பசப்பில்லை என்று மார்தட்டி, விறகு பிளப்பேன், சிராய் சீவித் தீ வளர்ப்பேன், குடிலுக்குக் கொம்பு வெட்டுவேன், கொடுவிலங்கு வரினும் கூடவே நிற்பேன் எனச் சொல்லாமல் சொல்லிக் கிடந்தது வாட்குலத் தோன்றலாகிய கத்தி. இடப்புறத்தே, மடித்தால் உள்ளங்கைக்குள் ஒடுங்கி, விரித்தால் குறடாகி, அரமாகி, ரம்பமாகி, கத்தரியாகி, திருப்புளியாகி, டின் திறப்பானாகி, இன்னதற்கென்று கடைக்காரம்மாவுக்கே விளங்காத ஒரு வளைந்த கொக்கியுமாகி, அவதாரங்கள் பல எடுத்து அமர்ந்திருந்தது மல்டி டூல் என்னும் மாயாவி.

தலைவர் கத்தியை எடுத்தார். அடுப்பின் திருகாணி கழன்றால் இது என்செய்யும் என்று நெஞ்சு நடுங்கிற்று, வைத்தார். மாயாவியை எடுத்தார். கட்டையைப் பிளக்கையில் கீல் முறிந்தால் கதியென்ன என்று குலை பதறிற்று, வைத்தார். குழாய் ரிப்பேர்க்காரர் ஒருவர் வந்தார், வாஷர் வாங்கினார், போனார். போய் மாட்டிவிட்டு, ஒழுகுகிறது என்று திரும்பியும் வந்தார். தலைவர் நின்ற இடத்திலேயே நின்றார்.

டிபன் டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு பொறுமையின் எல்லையில் வீற்றிருந்த கடைக்காரம்மா திருவாய் மலர்ந்தாள்: “ரெண்டு நாள் டூருக்குத்தானே சார்? எதை எடுத்தாலும் ஒண்ணுதான்.”

எதை எடுத்தாலும் ஒன்றா! கொள்முதல் குலத்தின் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியதுபோல் இருந்தது அச்சொல். அக்கணமே தலைவருக்குள் ஞானம் பளீரிட்டது. தவறு எங்கே என்று கண்டுகொண்டார். இருப்பவை இரண்டு! மூன்று இல்லாமல் ஒப்பீடு ஏது, ஒப்பீடு இல்லாமல் முடிவு ஏது?

“மூணாவது எங்கம்மா?”

“மூணாவதா? வீட்ல காய் நறுக்குற கத்தி இருக்குமே, அதை எடுத்துட்டுப் போங்க.”

ஏளனப் புன்னகை பூத்தார் ஏந்தல். பிடியில் கறுப்பு டேப் சுற்றி, வெங்காய வாடை வீசும் அந்த அற்பப் பொருளா கானகம் வெல்வது? மூன்றாவதைத் தேடி வீதியிறங்கினார். மிதிவண்டிக் கடை புகுந்தார், இல்லை. மீன்பிடி சாமான் கடை புகுந்தார், இருந்தது. ஆனால் உறை பிடிக்கவில்லை. பாத்திரக் கடையிலே புகுந்து வெளிவந்தபோது சட்டைப்பையிலே போர்முரசு அதிர்ந்தது. மனைவி.

“எங்க இருக்கீங்க?”

“முடிவாயிட்டே இருக்கு. இன்னும் ஒண்ணே ஒண்ணு பார்த்துட்டா...”

“மணி நாலரை. பிள்ளைங்க பறக்குதுங்க, தம்பி வண்டியை எடுத்துட்டான். நான் ஏறிட்டேங்க. நீங்க நிதானமாப் பார்த்து வாங்குங்க.”

அந்தக் குரலில் கோபம் துளியும் இல்லை. ஜன்னல் காற்றின் இரைச்சல் இருந்தது, பிள்ளைகளின் கூச்சல் இருந்தது, கூடவே அவர் கேட்டுப் பல காலமான அவளுடைய சிரிப்பும் இருந்தது. கோபித்திருந்தால் தாங்கியிருப்பார். அந்தச் சிரிப்பு அவரைச் சுருக்கென்று தைத்தது.

ஆயினும் வீரர் வீரரே. மீண்டும் இரும்புக் கடை ஏகினார். “எதைப் போடட்டும் சார்?” என்றாள் கடைக்காரம்மா. வலப்புறம் நோக்கினார், இடப்புறம் நோக்கினார், வருங்காலத்தையே நோக்கி முழங்கினார்: “அடுத்த வாரம் வந்து சொல்றேம்மா.” இரு படைகளும் புறமுதுகிடாமல், வெல்லாமலும் தோற்காமலும் அலமாரிக்குத் திரும்பின.

வெறுங்கையோடு வீடு மீண்ட வேந்தரைப் பசி வளைத்தது. மேசைமேல் மனைவி வைத்துவிட்டுப் போன வெட்டாத பிரெட் ஒன்று கோட்டை மதில்போல் நிமிர்ந்து நின்றது. ஒரே வீச்சில் அதை வீழ்த்தத் துணிந்து, சமையலறை இழுப்பறையாகிய படைக்கொட்டிலைத் திறந்தார். கரண்டிகள் இருந்தன, ஸ்பூன்கள் இருந்தன, தோல் சீவி இருந்தது. கறுப்பு டேப் சுற்றிய காய்க் கத்தி கிடக்கும் இடம் மட்டும் காலியாக இருந்தது. அது இந்நேரம் செய்தித்தாளில் சுற்றப்பட்டு, மனைவியின் பையிலே, வேனிலே, காட்டை நோக்கி விரைந்துகொண்டிருந்தது.

அவர் பிரெட்டைக் கையால் பிய்த்துத் தின்றார்.