பத்துச் சிவப்பரளி

1978 ஆகஸ்டு ஒன்பது, புதன்கிழமை, பகல் இரண்டேகால் மணிக்கு எங்கள் ஊர் மாரியம்மன் கோவிலில் இருந்தவர்கள்: பூசாரி குருசாமி, என் மச்சான் சென்னியப்பன், என் மகள் வசந்தாமணி, என் மனைவி மருதாத்தாள், குப்பண்ணனாகிய நான். ஆக ஐந்து பேர். வேப்பமரத்தடியில் ஓர் ஆடும் படுத்திருந்தது. அது சும்மா வந்தது, கணக்கில் சேர்க்கவில்லை. அம்மனைச் சேர்த்தால் ஆறு. சேர்க்கலாமா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. ஏனென்றால் அன்று அம்மனுக்கு வேலையே இல்லாதபடி நான் செய்துவைத்திருந்தேன்.

செய்ததைச் சொல்வதற்கு முன் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

வசந்தாமணி சித்தூர் காலேஜில் பி.எஸ்ஸி. படித்தாள். முதல் வகுப்பு வாங்கினால் மேலே படிக்க வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். வாங்க மாட்டாள் என்ற நம்பிக்கையில் கொடுத்த வாக்கு. வாங்கிவிட்டாள். அதோடு நிற்கவில்லை. வடக்கே, ரயிலில் இரண்டு ராத்திரி போக வேண்டிய ஒரு பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி.க்கு இடமும் வாங்கிவிட்டாள். புதிதாக ஆரம்பித்த பாடமாம். பெயர் சுற்றுப்புறச் சூழல் விஞ்ஞானம்.

“அதுல என்ன கண்ணு படிப்பாங்க?” என்று கேட்டேன்.

“காத்து, தண்ணி, மண்ணுங்கப்பா.”

“அது மூணும் நம்ம தோட்டத்துலயே இருக்குதே! அதப் படிக்க ரெண்டு ராத்திரி ரயில்ல போகோணுமா?”

“தண்ணி இருக்குதுங்களா?” என்றாள்.

எங்கள் கிணற்றில் கல்படி அறுபத்திரண்டு. மாதம் ஒரு தடவை எட்டிப் பார்த்து, தண்ணீருக்கு மேலே எத்தனை படி தெரிகிறது என்று எண்ணி நோட்டில் எழுதுவேன். 1951 ஆகஸ்டில் ஒன்பது படி தெரிந்தது. இந்த ஆகஸ்டில் நாற்பத்து நாலு. யாருக்கும் உதவாத பழக்கம் என்று மருதாத்தாள் சொல்வாள். ஆனால் வசந்தாமணி அந்த நோட்டைப் பார்த்துப் பகர்த்தி எழுதி விண்ணப்பத்தோடு அனுப்பியிருக்கிறாள். அங்கிருந்த புரொபசர், “இந்தக் கணக்கை எழுதியவர் யார்?” என்று தனியாகக் கேட்டு எழுதியிருந்தார். இடம் கிடைத்ததே அதனால்தானாம். ஆக, என் மகளை நானே என் கையால் ரயிலேற்றிவிட்டிருக்கிறேன்.

“பதினெட்டுப் படிதானுங்கப்பா மிச்சம். அது எத்தன வருசத்துக்கு வரும்னு யாராச்சும் கண்டுபுடிக்கோணுமில்லீங்க?” என்றாள்.

எனக்குத் தெரிந்தது வேறு கணக்கு. பெரியவன் மூணாறுக்கு எஸ்டேட் வேலைக்குப் போனபோது எங்கள் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டு நாலு மூன்றாயிற்று. மூன்று இரண்டாவதை என்னால் பார்க்க முடியாது.

ஆனால் “போகாதே” என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. பொதுவாகவே எனக்கு வாய் வராது. நாலு பேர் நடுவில் நின்றால் இருமல்தான் வரும். கலியாணமாகி முப்பத்தொரு வருஷமாக மாட்டு வியாபாரியிடமும் ரேஷன் கடையிலும் எனக்காகப் பேசுகிறவள் மருதாத்தாள். நான் எண்ணுவேன். அவள் பேசுவாள்.

தகப்பன் கையெழுத்துப் போட்ட தாள் பதினாறாம் தேதிக்குள் அங்கே போய்ச் சேர வேண்டும். அப்படியானால் ஒன்பதாம் தேதி நாலு மணித் தபால் பையில் ஏற வேண்டும். ஏறாவிட்டால் இடம் வேறொருவருக்கு.

எட்டாம் தேதி சாயங்காலம் ஒரு முடிவுக்கு வந்தேன். என் வாயால் வேண்டாம் என்று சொன்னால்தானே பாவம்? அம்மன் சொல்லட்டும்.

“பூக் கேட்டுப் பாத்துரலாம்” என்றேன்.

எங்கள் பக்கத்தில் பெரிய காரியம் எதற்கும் பூக் கேட்பது வழக்கம். ஒரு வாழையிலைப் பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. இரண்டையும் அம்மன் முன்னால் வைத்துக் கேள்வியை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வேறு வீட்டுக்காரர் ஒருவர் ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் ஆகட்டும். சிவப்பு வந்தால் வேண்டாம்.

“பொட்டலம் ரெண்டும் நானே கட்டீர்றேன்” என்றேன்.

“கட்டுங்க” என்றாள் மருதாத்தாள்.

அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். முப்பத்தொரு வருஷத்தில் என் யோசனையை அவள் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை.

மறுநாள் விடிந்ததும் தோட்டத்துக்குப் போனேன். சிவப்பரளி பத்துப் பறித்தேன். ஒரு பொட்டலத்தில் ஐந்து. இன்னொன்றிலும் ஐந்து. எதை எடுத்தாலும் வேண்டாம்தான்.

இனி கோவிலுக்கு வரலாம்.

“ஏனுங் மாப்ள, புள்ளைக்குத்தான பூக் கேக்கறோம்? உங்களுக்கு எதுக்கு இப்பிடி வேக்குது?” என்றான் சென்னியப்பன். பூ எடுக்கிற கை அவனுடையது.

“வெயிலு” என்றேன். நாங்கள் நின்றது நிழலில்.

வசந்தாமணி கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். முந்தானை நுனியை முடிச்சுப் போடுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். ஏழு முடிச்சு வரை எண்ணினேன். அதற்கு மேல் எண்ண முடியவில்லை.

“குப்பண்ணா, கேள்விய அம்மன்கிட்டச் சொல்லுங்க” என்றார் குருசாமி.

வாயைத் திறந்தேன். இருமல் வந்தது. மறுபடி திறந்தேன். மறுபடி இருமல். பழக்கதோஷம், மருதாத்தாளைத் திரும்பிப் பார்த்துவிட்டேன். அவள் அதற்காகவே காத்திருந்தவள்போல ஓரடி முன்னால் வந்தாள்.

“தாயே! என்ற மகளைப் படிக்க உடாம ஊட்டோட நிறுத்தி வெக்கலாமா? வெக்கலாம்னா வெள்ளையக் குடு. வெக்கக் கூடாதுன்னா செவப்பக் குடு.”

நான் அவசரமாகக் கையைக் குறுக்கே நீட்டினேன்.

“அது... அப்பிடி இல்ல...”

“என்னுங்க? கேள்வில ஏதாச்சும் தப்புங்களா?”

கேள்வியில் தப்பில்லை. விடையில்தான் தப்பு. அதை எப்படிச் சொல்வது?

“நல்ல நேரம் பாத்துட்டு நாளைக்கு...”

“ராகு காலம் ஒண்ணரைக்கே முடிஞ்சுதுன்னு நீங்கதானுங்க கணக்குப் போட்டீங்க?”

மணி இரண்டரை. ஐந்து பூவையும் எப்படியாவது வெளுத்துக் கொடு தாயே என்று மனசுக்குள் மன்றாடினேன். அன்றைக்கு நான் உண்மையாகச் சாமி கும்பிட்டது அந்த ஒரு தடவைதான்.

சென்னியப்பன் இடது பக்கத்துப் பொட்டலத்தை எடுத்தான். நாரை அவிழ்த்தான். இலையை விரித்தான்.

“செவப்பு!” என்றார் குருசாமி. “புள்ளைய நிறுத்தி வெக்கக் கூடாதுன்னு உத்தரவாயிருச்சு!”

வசந்தாமணி கண்ணைத் திறந்தாள். சிரிக்கவில்லை. நேரே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை ஜில்லென்று இருந்தது. என் கை அதைவிட.

அத்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. சென்னியப்பன் மற்றப் பொட்டலத்துக்குக் கையை நீட்டினான்.

“இதையும் பிரிச்சுப் பாத்துரலாங்க பூசாரி. வெள்ளையும் இருந்துதுன்னு தெரிஞ்சுட்டா ஒரு திருப்தி.”

அந்த இலை விரிந்தால் நாளைக்கு மீனாட்சிபுரம் சந்தை முழுவதும் என் கதைதான். அம்மனையே ஏமாற்றப் பார்த்த குப்பண்ணன்! என்னைவிட மகள்தான் என்ன நினைப்பாள்?

மருதாத்தாள் கை முந்திவிட்டது. பொட்டலத்தை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“ஆத்தா சொன்னதுக்கு மேல எதுக்குங்ணா சோதன?” என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். “இல்ல, பிரிச்சே பாக்கோணுங்களா? நீங்க சொல்லுங்க.”

“வேண்டாம்!” என்றேன். இருமல் வரவில்லை. நாலு பேர் நடுவில் நான் தெளிவாகப் பேசிய ஒரே வார்த்தை அது. வேப்பமரத்தடி ஆடுகூட எழுந்துவிட்டது.

“அப்ப கையெழுத்துப் போடுங்க” என்று மடித்து வைத்திருந்த தாளையும் பேனாவையும் அவளே எடுத்து நீட்டினாள். பேனாவில் மை நிரப்பிக்கூடக் கொண்டுவந்திருந்தாள். மூன்று ஐம்பதுக்குத் தபால் பையில் ஏறியது.

வீட்டுக்கு வந்து, மகள் தண்ணீர் சேந்தப் போன சமயம் பார்த்து மருதாத்தாளிடம் கேட்டேன். “உனக்கு எப்பிடித் தெரியும்?”

அவள் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைக் காட்டினாள். தினம் அரளிச் செடியில் எத்தனை பூத்தது, எத்தனை பறித்தது என்று அதில் எழுதுவது என் வழக்கம். அன்றைய தேதிக்கு நேராக என் கையெழுத்தில் இருந்தது: வெள்ளை, பூத்தது 23, பறித்தது 0. சிவப்பு, பூத்தது 31, பறித்தது 10.

“சாமியை ஏமாத்தோணும்னு தோணுது. காலண்டரை ஏமாத்தத் தோணுலீங்களே உங்களுக்கு!” என்றாள்.

உண்மைதான். பறித்ததை எழுதாமல் விட மனசு கேட்கவில்லை.

வசந்தாமணி ரயிலேறி ஒரு மாதமாகிறது. மாதாமாதம் கிணற்றுக் கணக்கை எண்ணித் தனக்கு எழுதச் சொல்லியிருக்கிறாள். எழுதுகிறேன். தீபாவளிக்கு மகளைப் பார்க்க நாம் போக வேண்டும் என்றாள் மருதாத்தாள். இரண்டு ராத்திரி ரயில் எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று இழுத்தேன். அவள் அடுப்படி மேல் பலகையைப் பார்த்தாள். நான் டிக்கெட் எடுக்கப் போனேன்.

வீட்டில் இப்போது தட்டு இரண்டு. கிணற்றில் தண்ணீருக்குள் படி பதினெட்டு. மேல் பலகையில், மருதாத்தாளின் மஞ்சள் டப்பாவுக்குள், பிரிக்காத பொட்டலம் ஒன்று.